சிறைக்குள் போய்க் கேட்ட மாணவர்கள்
குற்றவியல் நீதியைச் சீர்திருத்த இளைஞர்கள் செய்வது என்ன, நம் பிள்ளைகள் செய்யக்கூடியது என்ன?

1994 ஆகஸ்ட் மாதம் புணே நகரில் ஒரே வீட்டில் ஐந்து பெண்களும் இரண்டு குழந்தைகளும் கொல்லப்பட்டார்கள். நாட்டையே உலுக்கிய கொடுமை அது. கைதானவர்களில் ஒருவர் ராஜஸ்தானிலிருந்து பிழைக்க வந்தவர். வழக்குப் பதிவுகளில் அவர் வயது வந்தவர் என்றே எழுதப்பட்டது. 1998-ல் விசாரணை நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தன.

பல ஆண்டுகள் கழித்து, அவருடைய கிராமத்துப் பள்ளியின் பதிவேடு நீதிமன்றத்துக்கு வந்தது. அதில் அவர் பெயரே வேறு மாதிரி இருந்தது. பிறந்த தேதி 1982 பிப்ரவரி 1. அதாவது, சம்பவம் நடந்த நாளில் அந்தக் ‘குற்றவாளி’க்கு வயது பன்னிரண்டரை. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவுப்படி புணே மாவட்ட நீதிபதி அந்தப் பதிவேட்டைச் சரிபார்த்தார். 2023 மார்ச் 27 அன்று உச்ச நீதிமன்றம் அவரை விடுதலை செய்யச் சொன்னது. சிறாருக்கான சட்டப்படி அவருக்குக் கொடுத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனை மூன்று ஆண்டுகள். அவர் உள்ளே இருந்ததோ இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல். அதில் பெரும்பகுதி தூக்குக் கயிற்றை எதிர்பார்த்தபடி.

கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்கு ஏற்பட்ட இழப்பை இந்தத் தீர்ப்பு குறைக்கவில்லை, குறைக்கவும் முடியாது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளையைத் தூக்கில் போட நம் சட்டம் அனுமதிக்கவில்லை. இத்தனை நீதிமன்றங்களைத் தாண்டியும் அது கிட்டத்தட்ட நடந்துவிட இருந்தது. காரணம், ‘உனக்கு எத்தனை வயது, எந்தப் பள்ளியில் படித்தாய்’ என்று கேட்டு, அந்தப் பதிலைத் தேடிப் போக ஆளில்லாமல் இருந்ததுதான்.

அவருக்காகக் கடைசிக் கட்டத்தில் நின்றவர்கள், டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்தில் இயங்கிய ‘பிராஜெக்ட் 39ஏ’ என்ற குழுவினர். அந்தக் குழு எப்படிப் பிறந்தது என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை.

மாணவர்கள் எண்ணிப் பார்த்தார்கள்

2013-ல் அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு எளிய கேள்வி எழுந்தது. இந்தியாவில் மரண தண்டனை பெற்றுச் சிறையில் இருப்பவர்கள் யார்? எந்த ஊர், என்ன தொழில், எவ்வளவு படிப்பு, யார் வழக்கறிஞர்? எந்த அரசு அலுவலகத்திலும் இதற்கு முழுமையான பதில் இல்லை. பேராசிரியர் அனுப் சுரேந்திரநாத்தின் வழிகாட்டுதலில் சட்ட மாணவர்கள் அந்தப் பதிலைத் தேடிப் புறப்பட்டார்கள். தேசிய சட்டப் பணிகள் ஆணையத்தின் ஒத்துழைப்போடு சிறைகளுக்குள் சென்றார்கள். கைதிகளோடு மட்டுமல்லாமல், அவர்களுடைய கிராமங்களைத் தேடிப்போய்க் குடும்பத்தாரோடும் பேசினார்கள். மாணவர்கள் எழுதிக்கொண்டு வந்த குறிப்புகள் 2016-ல் அறிக்கையாக வெளிவந்தன.

அப்போது மரண தண்டனைக் கைதிகளாக இருந்த 385 பேரில் 373 பேரைப் பற்றிய விவரம் அதில் இருக்கிறது. அவர்களில் நால்வரில் மூவர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். பெரும்பாலானோர் பிற்படுத்தப்பட்டோர், தலித், பழங்குடியினர், மதச் சிறுபான்மையினர். உயர் நீதிமன்றத்தில் தமக்காக வாதாடிய வழக்கறிஞரைப் பெரும்பாலானோர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. காவல் நிலையத்தில் அடிபட்டதாகச் சொன்னவர்கள் ஏராளம். இன்னொரு கணக்கும் அதில் வருகிறது. 2000 முதல் 2015 வரை விசாரணை நீதிமன்றங்கள் மரண தண்டனை விதித்தவர்களில் ஏறக்குறைய பத்துக்கு மூவர், மேல் நீதிமன்றங்களில் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். தண்டனை கடைசிவரை நின்றது இருபதில் ஒருவருக்கும் குறைவாகவே.

மாணவர்கள் செய்தது இவ்வளவுதான்: போனார்கள், கேட்டார்கள், எழுதினார்கள், எண்ணினார்கள். ஆனால் அதற்குப் பிறகு, ‘ஏழைகளுக்குத்தான் தூக்கு’ என்பது வெறும் மேடைப்பேச்சு என்று யாரும் தள்ளிவிட முடியவில்லை. 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், மரண தண்டனை பற்றி முடிவெடுக்கும் முன் குற்றம் சாட்டப்பட்டவரின் குடும்பச் சூழல், வளர்ந்த விதம், மனநலம், சிறை நடத்தை ஆகிய விவரங்களை விசாரணை நீதிமன்றமே கேட்டுப் பெற வேண்டும் என்று வழிமுறை வகுத்தது. மாணவர்கள் சிறைக்குள் போய்க் கேட்ட அதே கேள்விகளை இன்று நீதிமன்றங்கள் கேட்க வேண்டியிருக்கிறது.

குழுவின் பெயரிலுள்ள 39ஏ, நம் அரசியலமைப்புச் சட்டத்தின் ஒரு பிரிவு. பணமில்லை என்பதற்காக யாருக்கும் நீதி மறுக்கப்படக் கூடாது, அரசு இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று சொல்லும் பிரிவு. 1976-ல் சேர்க்கப்பட்டது.

இதற்கு முன்னும் பாதை போட்டவர்கள் உண்டு

1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே நடக்காமல் பல ஆண்டுகளாகக் கிடந்தவர்களைப் பற்றி ஆங்கில நாளிதழில் கட்டுரைகள் வந்தன. சிலர், தங்கள்மேல் சொல்லப்பட்ட குற்றம் நிரூபணமாகியிருந்தால் பெறக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட அதிக காலம் உள்ளே இருந்தார்கள். கட்டுரைகளைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோரானி அந்தக் கைதிகளின் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டார். மனுவில் முதலில் இருந்த பெயர் ஹுசைனாரா காத்தூன் என்ற பெண்ணுடையது. அதனால் இந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் அந்தப் பெயராலேயே படிக்கப்படுகிறது. விரைவான விசாரணையும் இலவச சட்ட உதவியும் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு சொன்னது. ஆயிரக்கணக்கானோர் வெளியே வந்தார்கள்.

1990-ல் மும்பையில் டாடா சமூக அறிவியல் கழகம் ‘பிரயாஸ்’ என்ற களப்பணியைத் தொடங்கியது. சமூகப்பணி படித்தவர்கள் சிறைக்குள்ளும் நீதிமன்ற வளாகத்திலும் உட்கார்ந்தார்கள். கைதியின் வீட்டுக்குத் தகவல் சொல்வது, ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவருக்கு வழி தேடுவது, வெளியே வந்த பெண்களுக்குத் தங்க இடமும் வேலையும் ஏற்பாடு செய்வது என்று அவர்கள் செய்தவை எல்லாம் செய்தித்தாளில் வராத வேலைகள். ஒரு சிறைக்குச் சமூகப்பணியாளர் எவ்வளவு தேவை என்பதை நாட்டுக்குச் செய்து காட்டியவர்கள் அவர்கள்.

நம் மாநிலத்தில் 2020 ஜூன் மாதம் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இருந்தபின் இறந்தபோது, தமிழ்நாட்டு இளைஞர்கள் சமூக ஊடகங்களில் எழுப்பிய குரல் நாடு முழுவதும் கேட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தக் குரல் தேவையாக இருந்தது. அதே சமயம் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-ல் கையெழுத்திட்டது. இன்றுவரை அதை முறையாக ஏற்று, தனிச் சட்டம் கொண்டுவரவில்லை. கைப்பேசியில் எழும் கோபம் ஒரு வாரத்தில் வேறு செய்திக்குப் போய்விடுகிறது. அதன்பின்னும் விடாமல் கோப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பவர்கள்தான் சட்டத்தை நகர்த்துகிறார்கள்.

உள்ளே இருப்பவர்கள் யார்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். அதாவது நான்கில் மூன்று பங்கு பேர், குற்றவாளி என்று எந்த நீதிமன்றமும் இன்னும் தீர்ப்புச் சொல்லாதவர்கள். விசாரணைக் கைதிகளில் ஏறத்தாழ பாதிப் பேர் 18 முதல் 30 வயதுக்குட்பட்டவர்கள். முஸ்லிம்கள், தலித்துகள், பழங்குடியினர் ஆகியோர் தங்கள் மக்கள்தொகைப் பங்கைவிடக் கூடுதலாகச் சிறையில் இருக்கிறார்கள்.

இந்த எண்களை நாம் வேறு முகத்தோடு பார்த்திருக்கிறோம். ஒரு வீட்டில் மகனைப் பற்றிக் கேட்டால், ‘வெளியூர்ல வேலையில இருக்கான்’ என்று உம்மா தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். தெருவுக்கே விஷயம் தெரியும். ஆனால் யாரும் கேட்க மாட்டார்கள், அவரும் சொல்ல மாட்டார். வாரம் ஒருநாள் பஸ் ஏறிப் போய் மனு போட்டுப் பிள்ளையைப் பார்த்துவிட்டு வருவார். வழக்கு எந்த நீதிமன்றத்தில், எந்தப் பிரிவில், அடுத்த வாய்தா எப்போது என்றால் அவருக்குத் தெரியாது. ‘வக்கீலுக்குத் தெரியும்’ என்பார். வக்கீலுக்குக் கொடுக்க நகை போயிருக்கும். வெட்கமும் அறியாமையும் சேர்ந்து பிள்ளையை இன்னும் சில மாதங்கள் உள்ளேயே வைத்திருக்கும். ஏழை, அநாதை என்று சொல்லும்போது கைதியையும் சேர்த்தே சொல்லிப் பழகிய சமூகம் நாம். கைதியின் வீட்டை மட்டும் தள்ளி வைப்பது நமக்குப் பொருந்தாது.

ஜாமீன் கிடைத்தும் வராதவர்கள்

‘ஜாமீன் கிடைச்சிருச்சு’ என்றால் அன்றே வீட்டுக்கு வந்துவிடுவார் என்று நினைக்கிறோம். பல நேரம் அப்படி இல்லை. ஜாமீன்தாரர் இருவர் வேண்டும், அவர்களுக்குச் சொத்து இருக்க வேண்டும், அதற்கான சான்று வேண்டும் என்று நிபந்தனை வரும். வாடகை வீட்டில் இருக்கும் கூலித் தொழிலாளிக்கு யார் கையெழுத்துப் போடுவார்?

1978-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த மோதிராம் வழக்கு இதைப் பற்றியது. மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த கொத்தனார் அவர். ஜாமீன் கிடைத்தது, ஆனால் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் கேட்டார் மாஜிஸ்திரேட். சகோதரர் முன்வந்தார். அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்கவில்லை. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் இதைக் கண்டித்து, ஆயிரம் ரூபாய்க்கான சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். ஏழைக்கு எட்டாத தொகையைக் கேட்பது ஜாமீனை மறுப்பதற்குச் சமம் என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம்.

நாற்பத்தைந்து ஆண்டுகள் கழித்தும் பிரச்சினை தீரவில்லை. எனவே 2023 ஜனவரி 31 அன்று உச்ச நீதிமன்றம் புதிய வழிமுறைகளைத் தந்தது. ஜாமீன் உத்தரவான ஏழு நாளில் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியாவிட்டால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே எடுத்துப் பார்க்கலாம். அதே ஆண்டு மத்திய அரசு ஏழைக் கைதிகளுக்கான உதவித் திட்டத்தை அறிவித்தது. பிணைத் தொகை கட்ட முடியாத விசாரணைக் கைதிக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கும் தண்டனைக் கைதிக்கு 25,000 ரூபாய் வரையும் உதவி கிடைக்கும் என்று 2023-ல் அதில் வகுக்கப்பட்டது. சில வகைக் குற்றங்களுக்கு இது பொருந்தாது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 479-ஆம் பிரிவு முக்கியமானது. ஒரு குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டவரை ஜாமீனில் விட வேண்டும். இதற்கு முன் எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர் என்றால் மூன்றில் ஒரு பங்கு காலமே போதும். இந்தச் சலுகை, சட்டம் வருவதற்கு முன்பு பதிவான வழக்குகளுக்கும் உண்டு என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. அதற்கான மனுவை எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. விதிவிலக்குகளும் உள்ளன: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கக்கூடிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட குற்றங்களில் அல்லது வழக்குகளில் விசாரணை நிலுவையில் உள்ளவர்களுக்கும் இது கிடைக்காது.

யு.ஏ.பி.ஏ. போன்ற கடும் சட்டங்களில் ஜாமீன் பெறுவது மிகக் கடினம். அங்கும் கதவு முழுதாக அடைபடவில்லை. விசாரணை சமீபத்தில் முடியும் வாய்ப்பே இல்லாமல் ஒருவர் நெடுங்காலம் உள்ளே இருந்தால், நீதிமன்றம் ஜாமீன் தரலாம் என்று 2021 பிப்ரவரியில் கேரள வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. குண்டர் சட்டத்தில் வைக்கப்பட்டவருக்கு இந்த ஜாமீன் வழிகள் பொருந்தாது. அதற்கு அறிவுரைக் கழகத்தின் முன் முறையீடும், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும்தான் வழி.

இவ்வளவு படித்ததும் ஒன்று புரியும். சட்டப் புத்தகத்தில் இடமிருக்கிறது. ஒவ்வொரு கைதிக்கும் அந்தத் தேதியைக் கணக்குப் போட்டு, ‘இவருக்கு நாள் வந்துவிட்டது’ என்று எழுதிக் கொடுக்க ஆள்தான் இல்லை. இளைஞர்களுக்கு வேலை இருப்பது அங்கேதான்.

நம் இளைஞர்கள் என்ன செய்யலாம்?

முதலாவது, சட்டத் தன்னார்வலர் பணி. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து அடையாள அட்டை தருகிறது. இதற்குச் சட்டப் பட்டம் வேண்டியதில்லை. காவல் நிலையம், சிறை, கிராமம் ஆகிய இடங்களில் மக்களுக்கும் சட்ட உதவிக்கும் நடுவே பாலமாக இருப்பதே இவர்கள் வேலை. பட்டப்படிப்பு முடித்து வீட்டில் இருக்கும் நம் பெண்பிள்ளைகளுக்கும் ஏற்ற பணி இது. காவல் நிலையத்துக்குத் தனியாகப் போகத் தயங்கும் பெண்கள், தன்னார்வலர் ஒரு பெண்ணாக இருந்தால் மனம்விட்டுப் பேசுவார்கள்.

இரண்டாவது, படிப்பு. பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பில் சேரலாம். திருநெல்வேலி, மதுரை, திருச்சி, ராமநாதபுரம் உள்ளிட்ட ஊர்களில் அரசு சட்டக் கல்லூரிகள் உள்ளன. தனியார் தொழிற்கல்லூரிகளோடு ஒப்பிட்டால் கட்டணம் மிகக் குறைவு. பெரும்பாலான தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கு கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். திருச்சியிலேயே அப்படியொரு பல்கலைக்கழகம் இருக்கிறது. சமூகப்பணி முதுகலை இன்னொரு வழி. டாக்டர், இன்ஜினியர் என்ற இரண்டு கதவுகளையே பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோர் இந்தக் கதவையும் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.

மூன்றாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு மாவட்டத்திலும் விசாரணைக் கைதிகளின் நிலையை ஆராயும் குழு ஒன்று மாவட்ட நீதிபதி தலைமையில் இயங்குகிறது. அது எத்தனை முறை கூடியது, எத்தனை பேரை விடப் பரிந்துரைத்தது, எத்தனை பேர் உண்மையில் வெளியே வந்தார்கள் என்பதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். மாணவர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வருடம் இதைத் தொடர்ந்து செய்தால், அந்த மாவட்டத்தைப் பற்றி யாரிடமும் இல்லாத ஒரு கணக்கு அவர்களிடம் இருக்கும். அதை வைத்துக்கொண்டு சட்டமன்ற உறுப்பினரிடமும் ஆணைக்குழுவிடமும் பேசினால், வெறும் குறையாக இல்லாமல் பதில் சொல்ல வேண்டிய கேள்வியாக இருக்கும்.

நான்காவது, வாயை அடக்கத் தெரிவது. சிறுவர் யாரேனும் பிடிபட்டால் அவருடைய பெயர், படம், பள்ளி ஆகியவற்றை வாட்ஸ்அப் குழுக்களில் பரப்பக் கூடாது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி அது தண்டனைக்குரிய குற்றம். ‘நியாயம் கேட்கிறேன்’ என்று நினைத்துப் பரப்புவதும் அந்தப் பிள்ளையின் எதிர்காலத்தைக் கெடுத்துவிடும்.

வீட்டில் ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனால்

இந்தப் பகுதியை வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம்.

1. பதற்றத்தில் காவலர்களோடு வாக்குவாதம் வேண்டாம். எந்தக் காவல் நிலையம், என்ன காரணம் என்று கேளுங்கள். காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். கைது விவரத்தை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிப்பது காவல்துறையின் கடமை.

2. ஏழு ஆண்டுகள் வரை தண்டனை உள்ள குற்றங்களில் கைது என்பது தானாக நடக்க வேண்டியதல்ல. அழைப்பாணை கொடுத்து விசாரிக்கலாம். கைது செய்தால் ஏன் தேவை என்று காரணம் பதிய வேண்டும். 2014-ல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. அழைப்பாணை வந்தால் அலட்சியம் செய்யாமல் குறித்த நாளில் போக வேண்டும்.

3. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் கொண்டுபோக வேண்டும். அங்கே அடிபட்டிருந்தால் அதை மாஜிஸ்திரேட்டிடமே சொல்லலாம், சொல்ல வேண்டும். மருத்துவப் பரிசோதனை உண்டு.

4. சூரியன் மறைந்தபின், உதிக்கும் முன், பெண்களைக் கைது செய்யக் கூடாது. விதிவிலக்கான சூழலில் பெண் அதிகாரி, மாஜிஸ்திரேட்டிடம் முன் அனுமதி பெற்றே செய்யலாம்.

5. பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் லாக்கப்பிலோ சிறையிலோ வைக்கக் கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழை அன்றே எடுத்துக்கொண்டு போங்கள். வயதைப் பற்றிய கோரிக்கையை எந்தக் கட்டத்திலும், தீர்ப்புக்குப் பிறகும்கூட எழுப்பலாம். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

6. காவலில் உள்ள எவரும் இலவச வழக்கறிஞருக்குத் தகுதியானவர். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் அப்படியே. வருமானச் சான்று தேவையில்லை. சட்ட உதவி எண் 15100. நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு நேரிலும் போகலாம்.

7. முதல் தகவல் அறிக்கையின் நகல், ரிமாண்ட் தேதி, சட்டப் பிரிவுகள், அடுத்த வாய்தா ஆகிய நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குற்றத்தின் தன்மையைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் ஜாமீன் கேட்கும் உரிமை பிறக்கும். குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். ஆகவே நாளை எண்ணுவது உங்கள் வேலை. சில சிறப்புச் சட்டங்களில் இந்தக் கெடு நீளும்.

8. ஜாமீனில் விடக்கூடிய குற்றம் என்றால், ஒரு வாரத்துக்குள் பிணை கொடுக்க முடியாதவரை வசதியற்றவராகக் கருதி, சொந்தப் பிணையில் விட வேண்டும். இதை வழக்கறிஞரிடம் நினைவூட்டுங்கள்.

இரண்டு கேள்விகள்

‘தப்புச் செய்தவனுக்கு ஏன் பரிந்து பேச வேண்டும்?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். திருட்டுக் கொடுத்தவரும், அடிபட்டவரும், மகளை இழந்தவரும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்கும் தேவை விரைவான, சரியான விசாரணை. பத்து வருடம் இழுக்கும் வழக்கில் சாட்சி மறந்துபோவார், அல்லது மௌத்தாகிவிடுவார். ஆள் மாறி ஒருவர் உள்ளே போனால், செய்தவர் வெளியே நடமாடுகிறார் என்றுதான் அர்த்தம். சீர்திருத்தம் கேட்பவர்கள் குற்றம் செய்தவரைத் தண்டிக்காமல் விடச் சொல்லவில்லை. யார் செய்தார் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்து, சட்டம் சொன்ன அளவுக்கு மட்டும், சொன்ன காலத்துக்குள் தண்டிக்கச் சொல்கிறார்கள்.

‘நம்ம பிள்ளைகளுக்கு மட்டும் செய்தால் போதாதா?’ என்றும் சிலர் கேட்கிறார்கள். புணே வழக்கில் விடுதலையானவர் நம்மவர் அல்ல. ஹுசைனாரா காத்தூன் பெயரால் வந்த தீர்ப்பில் வெளியே வந்தவர்கள் எல்லோரும் முஸ்லிம்கள் அல்ல. கொத்தனார் மோதிராமுக்குச் சொன்ன தீர்ப்பை இன்று நம் தெருப் பிள்ளைக்காக வழக்கறிஞர் எடுத்துக் காட்டுகிறார். யாரோ ஒருவருக்காகப் போராடிப் பெற்ற சட்டம்தான் பிறகு எல்லோருக்கும் குடையாகிறது. தன்னார்வலராகப் போகும் நம் பிள்ளை, சிறையில் பக்கத்துப் பாயில் படுத்திருப்பவரின் தேதியையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

அந்த வீட்டு உம்மாவின் கதைக்கே திரும்புவோம். அடுத்த முறை அவர் தலையைக் குனியும்போது, பேச்சை மாற்றாமல், ‘வழக்கு நம்பர் என்னன்னு சொல்லுங்கம்மா, நான் பார்த்துட்டு வர்றேன்’ என்று கேட்கத் தெரிந்த ஒரு பிள்ளை நம் தெருவில் இருக்க வேண்டும். அந்த வேலைக்கு உங்கள் மகனோ மகளோ முன்வருவார்களா என்று இன்றிரவு சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.